சிறப்புரை முடியும்வரை மூச்சுத் திணறக் கூடாது

அமுதவல்லியின் கீழுதடு தடித்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவன் அவள் புருஷன் ராசு.

பார்த்து என்ன செய்ய? அவள் மேடையில் இருந்தாள். அவன் நான்காவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் முந்திரிப் பையோடு உட்கார்ந்திருந்தான். நடுவே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொதுமக்கள். அந்தப் பக்கம் அரசாங்கம்.

தடிப்பு லேசாகத்தான் இருந்தது. குளவி கொட்டினால் வீங்குமே, அந்த மாதிரி. ஆனால் மண்டபத்தில் குளவி கிடையாது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போட்ட ஊசி மட்டும்தான்.

மேடைக்குப் பின்னால் மண்டபத்தின் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'தடுப்பூசிக்குப் பின் வரும் பக்கவிளைவுகளும் மருத்துவ உதவி நாட வேண்டிய தருணங்களும்: மாபெரும் விழிப்புணர்வுப் பெருவிழா.' மாபெரும் என்று போட்ட பிறகு பெருவிழா என்றும் ஏன் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேள்விகளுக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ராசுவும் அமுதவல்லியும் விழாவுக்கு வந்தவர்களே இல்லை. கந்தர்வக்கோட்டை போகும் சாலையில், மரத்தடியில் அடுப்பு வைத்து முந்திரி வறுத்து விற்பவர்கள். மேடையில் இருப்பவர்கள் கொறிக்க முந்திரி வேண்டும் என்று புளியங்காட்டுப்பட்டி மண்டபத்திலிருந்து ஆர்டர் வந்தது. கொடுத்துவிட்டு அப்படியே பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போவதாகத் திட்டம். அதனால் அமுதவல்லி பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

எல்லாம் அந்தச் சேலையால் வந்தது.

விழாவை நடத்தியவர் அருள்மணி. வட்டார விழிப்புணர்வு அலுவலர். ஒரு காரியத்துக்கு முறைப்படி விழா எடுத்துவிட்டால் அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. கொசு ஒழிப்புக்கு விழா எடுத்திருக்கிறார். கைகழுவும் தினத்துக்கும் எடுத்திருக்கிறார். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராமல் போக, பிரமுகர்கள் கையில் பன்னீர் தெளித்துச் சமாளித்ததை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

இந்த விழாவில் மேடையிலேயே ஒருவருக்கு ஊசி போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்திருந்த பெண்மணி, குடுமியான்மலைக்குச் சாமி கும்பிடப் போனவர், பஸ் கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். அருள்மணி வெளிறிப்போய் மண்டபத்தைச் சுற்றிவந்தபோது, பட்டுச்சேலையில் முந்திரித் தட்டோடு அமுதவல்லி எதிரே வந்தாள்.

"தங்கச்சி, காய்ச்சல் ஊசி போட்டாச்சா?"

"இல்லங்க சார். போன மழையில காய்ச்சல் வந்து படுத்தே கெடந்தேன். எங்க போட்டாலும் போட்டுக்கணும்னுதான் இருந்தேன்."

"இங்கயே போட்டுருவோம். சேலை நல்லா எடுப்பா இருக்கு."

அவளுக்குப் பயம் எதுவும் இல்லை. ஊசி போட்ட நர்ஸ் டயானாவும் நல்லபடியாகவே போட்டார். இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருந்தையே எடுத்தார். ஊசி இறங்கிய நேரத்தில் போட்டோகிராபர் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார். இன்னொரு தடவை குத்தச் சொன்னார். டயானா முறைத்த முறைப்பில், ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

பிறகு டயானா ராசுவையும் மேடையோரம் கூப்பிட்டு, இரண்டு பேருக்குமாகச் சொன்னார்.

"அக்கா, கை வலிக்கும். லேசாக் காய்ச்சல் அடிக்கலாம். ரெண்டு நாள்ல போயிரும், பயப்படாதீங்க. ஆனா அரை மணி நேரம் எந்திரிக்காம இருக்கணும். ஒடம்பு அரிச்சா, தடிப்பு வந்தா, ஒதடு வீங்குனா, மூச்சு முட்டுனா ஒடனே என்னையக் கூப்புடணும். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அப்புடி ஆகும். ஆனா அப்புடி ஆச்சுன்னா, நேரம் கடத்தக் கூடாது. அண்ணே, நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கங்க."

ராசு ஒரு கண் வைத்துக்கொண்டான். ஆனால் கூப்பிட வேண்டிய டயானா அங்கே இல்லை. இன்னும் இரண்டு பிரமுகர்கள் வரவேண்டியிருந்தது. சீருடையில் ஒரு பெண் நின்று பன்னீர் தெளித்தால் துறைக்கு ஓர் அந்தஸ்து என்று சொல்லி, அருள்மணி அவரை வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

அமுதவல்லியை உட்கார வைத்தது 'கண்காணிப்பு அறை'யில். தடுப்பூசி போட்டவர்கள் அரை மணி நேரம் காத்திருக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொதுமக்களுக்கு விளக்க, மேடையின் ஓரத்தில் தெர்மாகோலில் அந்த அறையைச் செய்திருந்தார்கள். தெர்மாகோல் சுவர், தெர்மாகோல் ஜன்னல், அதில் பச்சைப் பெயின்டில் ஒரு தென்னை மரம். நாற்காலிக்கு மேலே சிவப்பு வட்டமாக ஒரு பொத்தான் வரைந்து, 'உதவிக்கு அழுத்தவும்' என்று எழுதியிருந்தது.

இப்போது அமுதவல்லி கழுத்தைச் சொறிந்தாள். சொறிந்த இடமெல்லாம் சிவப்புத் திட்டாக எழும்பியது. அவள் ராசுவைத் தேடிப் பார்த்தாள். பிறகு மேலே திரும்பி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

விரல் தெர்மாகோலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.

ராசு எழுந்தான்.

*

மைக்கில் அருள்மணி வரவேற்புரையை முடிக்கும் கட்டத்தில் இருந்தார்.

"பக்கவிளைவுகள் இரண்டு வகைப்படும். புகார் செய்யப்பட்டவை, புகார் செய்யப்படாதவை. நமது வட்டாரத்தில் புகார் செய்யப்பட்ட பக்கவிளைவு இன்று வரை ஒன்றுகூடக் கிடையாது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இந்தச் சாதனைக்காக மாநில அளவில் கேடயம் பெற நாம் தகுதி பெற்றிருக்கிறோம். லட்சத்தில் ஒருவருக்கு ஒவ்வாமை வரலாம் என்கிறார்கள். அந்த ஒருவர் நமது வட்டாரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு."

கைதட்டல். சிறப்பு விருந்தினர் மைக்குக்கு வந்தார். பெரிய அதிகாரி. கழுத்தில் விழுந்த பொன்னாடைகளில் அவர் முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

ராசு கயிற்றைத் தூக்கிக் குனிவதற்குள், மேடையிலிருந்து இறங்கிய அருள்மணி அவன் தோளைப் பிடித்துவிட்டார். அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலின் பிடி எட்டிப் பார்த்தது.

அந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு வரலாறு உண்டு. போன வருஷம் ஒரு விழாவில், சிறப்பு விருந்தினர் வரும் முன்பே ஓர் உள்ளூர்ப் பிரமுகர் ரிப்பனை வெட்டிவிட்டார். விழாவே அசிங்கமாகிப் போனது. அன்றிலிருந்து கத்தரிக்கோல் அருள்மணியின் பையை விட்டு வெளியே வருவதில்லை.

"சார், எம் பொண்டாட்டிக்கு ஒதடு வீங்குது. கழுத்தெல்லாம் தடிப்பு. நர்சம்மா ஒடனே சொல்லச் சொன்னாங்க."

அருள்மணி மேடையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் முகத்தில் எரிச்சல் படர்ந்தது.

"ஒத்திகை ஒன்பதாவது அயிட்டம் தம்பி. சிறப்புரை, கண்காட்சித் திறப்பு, அதுக்கப்புறம்தான் ஒத்திகை. யாரு இப்பவே ஆரம்பிக்கச் சொன்னது?"

ராசுவுக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான். பக்கவிளைவு வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதை நடித்துக் காட்ட ஓர் ஒத்திகை ஏற்பாடாகியிருந்தது. நடிக்க வேண்டிய இலக்கியா, நர்சிங் படிக்கிற பெண், முகமெல்லாம் குங்குமத்தால் தடிப்பு வரைந்துகொண்டு மணமகள் அறையில் காத்திருந்தாள். அவளுக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டவளையே நடிக்க வைத்து, டயானா யாரிடமும் சொல்லாமல் நிரலை மாற்றிவிட்டதாக அருள்மணி நினைத்துக்கொண்டார்.

"ஒத்திகையெல்லாம் இல்லங்க சார். நெசமாவே வீங்குது."

"நெசமாட்டம்தான் இருக்கு. அதைத்தான் நானும் சொல்றேன். கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்க. அய்யா பேசிக்கிட்டு இருக்காரு."

அய்யா பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"தடுப்பூசி நமக்குக் கவசம். ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், தலைவலி, உடல் அசதி. இவை வரலாம். வந்தால் ஓரிரு நாளில் தாமாகப் போய்விடும். இதற்கெல்லாம் யாரும் எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். காய்ச்சல் விடாமல் நீடித்தாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள். ஆனால்..."

தாளைத் திருப்பினார். அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார்.

ராசு வாசலுக்கு ஓடினான். டயானா ஒரு முன்னாள் தலைவரின் தலையில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். "நர்சம்மா, அவளுக்கு ஒதடு" என்று ராசு தொடங்கியதுமே பன்னீர்ச் செம்பு கீழே விழுந்தது. டயானா மண்டபத்துக்குள் ஓடினார். தலைவர் நனைந்தபடி நின்றார்.

*

மேடையில் சிறப்பு விருந்தினர் ஒட்டிய பக்கத்தைப் பிரித்துவிட்டார்.

"ஆனால், உடலில் அரிப்பு, தடிப்பு!" என்று படித்துவிட்டுத் தற்செயலாகப் பக்கவாட்டில் பார்த்தார். தெர்மாகோல் அறையில் பட்டுச்சேலை கட்டிய பெண் ஒருத்தி இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கை முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

விருந்தினர் முகம் மலர்ந்தது. எத்தனையோ விழாக்களில் பேசியிருக்கிறார். ஆனால் அவர் பேச்சை யாரும் இவ்வளவு கூர்ந்து கேட்டு உடனுக்குடன் நடித்துக் காட்டியது கிடையாது.

"உதடு, முகம் வீங்குதல்" என்றார், இந்த முறை அவளைப் பார்த்தே.

அவள் முகம் வீங்கியிருந்தது. கூட்டம் கைதட்டியது.

"குரல் கம்முதல்."

அமுதவல்லி வாயைத் திறந்தாள். "ஏங்க" என்று கூப்பிட முயன்றாள். காற்றுதான் வந்தது. கைதட்டல் கூடியது. பின்வரிசையில் ஒருவர், சினிமாவுல இருக்க வேண்டிய பொண்ணு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"மூச்சுத் திணறல்" என்றார் விருந்தினர். ஒரு கையை நாதஸ்வர வித்வானுக்குத் தாளம் கொடுப்பவர் மாதிரி உயர்த்தினார்.

அமுதவல்லியின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

மேடையின் கடைசி நாற்காலியில் டாக்டர் ஆண்ட்ரூஸ் இருந்தார். அந்த வட்டாரத்தின் மருத்துவ அலுவலர். அவர் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்த உடனே பாதி எழுந்தார். அதே நேரம் சிறப்பு விருந்தினர் அந்தப் பக்கம் திரும்பினார். டாக்டர் உட்கார்ந்தார். ஆவூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனு அந்த விருந்தினரின் மேசையில் வெகுநாளாகக் கிடந்தது. இன்னொரு தடவை எழுந்தார். இன்னொரு தடவை உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்கிறார் போலிருக்கிறது என்று முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் பேன்ட்தான் போட்டிருந்தார்.

டயானா மேடையேறி அமுதவல்லியைத் தரையில் படுக்க வைத்தார். காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு கீழே குதித்து, மேடைக்குப் பக்கத்தில் இருந்த கண்காட்சி மேசைக்கு ஓடினார்.

கண்காட்சி மேசையின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் 'அவசர மருந்துப் பெட்டகம்'. ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் மருந்து, சிரிஞ்சு, பஞ்சு எல்லாம் வெல்வெட் துணி மேல் வரிசையாக இருந்தன. பெட்டியைச் சுற்றி அகலமான சிவப்புப் பட்டு ரிப்பன், மேலே தாமரைப்பூ மாதிரி முடிச்சு.

அருள்மணி குறுக்கே வந்து நின்றார்.

"சார், அட்ரினலின் வேணும். இப்பவே."

"உங்க முகாம்ப் பெட்டியில இருக்குமே."

"அதைத்தானே சார் காலையில கண்காட்சிக்குன்னு வாங்கிட்டு வந்து இதுக்குள்ள வச்சீங்க? எங்க பெட்டி காலியாக் கெடக்கு."

"காட்சிக்கு நெச மருந்துதான் வைக்கணும் சிஸ்டர். டூப்ளிகேட் வச்சா நாளைக்குப் பத்திரிகைக்காரன் எழுதுவான். அய்யா வெட்டுன ஒடனே எடுத்துக்கங்க."

ராசு நேராக ரிப்பனைப் பிடித்து இழுத்தான். பட்டு ரிப்பன் அறுந்துபோகிற சரக்கு அல்ல. விழாவுக்கென்றே நல்லதாகப் பார்த்து வாங்கியது. பெட்டியும் மேசையும் சேர்ந்து நகர்ந்தன. தொண்டர்கள் இரண்டு பேர் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கால் தரையில் படாமல் தொங்கியபடி ராசு மேடையைப் பார்த்தான். அமுதவல்லியின் கை தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு தட்டுவதும் குறைந்தது.

"தம்பி, புரிஞ்சுக்கங்க" என்றார் அருள்மணி, உண்மையான வருத்தத்தோடு. "ஒங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா ரிப்பனை யார் வேணும்னாலும் அறுக்கலாம்னு வந்துட்டா, நாளைக்கு யாரும் விழாவுக்கே வர மாட்டாங்க. விழா இல்லைன்னா விழிப்புணர்வு இல்ல. விழிப்புணர்வு இல்லைன்னா, பக்கவிளைவு வந்தா ஒடனே டாக்டரைப் பாக்கணும்ங்கிறதே ஜனங்களுக்குத் தெரியாமப் போயிரும்."

மைக்கில் குரல் கேட்டது.

"இப்படிப்பட்ட அறிகுறிகள் தென்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. தாமதம் உயிருக்கு ஆபத்து. நான் கொடும்பாளூர்ப் பக்கம் பணியாற்றிய காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்."

ராசு அழவில்லை. அழுதால் அதற்கும் கைதட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவளைக் காப்பாற்றியது அவன் இல்லை. டயானாவும் இல்லை. கொடும்பாளூர்ச் சம்பவத்தைத் தொடங்கிய விருந்தினர், கூட்டம் முழுக்கத் தன்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்ப்பதைக் கவனித்தார். ஒத்திகை இவ்வளவு எடுபடும்போது தான் அதில் இல்லையே என்ற குறை அவருக்கு வந்தது. பேச்சை நிறுத்தி, "மிஸ்டர் அருள்மணி, அந்த ரிப்பனை இப்பவே வெட்டிரலாமே" என்று மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

அருள்மணி உடனே சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை உருவினார். உருவியவர் உறைந்து நின்றார்.

தட்டு இல்லை.

கத்தரிக்கோலை விருந்தினர் கையில் வெறுமனே கொடுக்க முடியாது. தட்டில் வைத்து நீட்ட வேண்டும். தட்டு பொன்னாடை சுமக்கப் போய், பொன்னாடைகளுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. தட்டு, தட்டு என்று தொண்டர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள்.

அப்போது ராசு அந்த இரண்டு பேர் பிடியிலிருந்து நழுவினான். மேடையில் அமுதவல்லி வைத்த முந்திரித் தட்டு விருந்தினர் நாற்காலிக்கு முன்னால் இருந்தது. பாய்ந்து அதை எடுத்தான். முந்திரியைத் தரையில் கொட்டினான். வெறும் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அருள்மணியின் முன்னால் வந்து நின்றான்.

"வைங்க சார்" என்றான்.

அருள்மணி கத்தரிக்கோலை வைத்தார். விருந்தினர் எடுத்தார். ராசு தட்டை ஏந்தியபடியே மேடையில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, தட்டு வச்சிருக்கவரே, கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க" என்றார் போட்டோகிராபர்.

ராசு சிரித்தான்.

ரிப்பன் அறுந்த நொடியில் டாக்டர் ஆண்ட்ரூஸ் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பொன்னாடை காலில் சிக்க, அதை மிதித்துக்கொண்டே வந்தார். அவர் நிஜமாகவே டாக்டர்தான் என்பது அப்போதுதான் ராசுவுக்குத் தெரிந்தது. மருந்தை உடைத்தார், ஏற்றினார், அமுதவல்லியின் தொடையில் போட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், சாரிம்மா சாரிம்மா என்று முணுமுணுத்தார். மைக் பக்கத்தில் இல்லாததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அமுதவல்லிக்கு ஒரு மூச்சு முழுசாக வந்தது. பிறகு இன்னொன்று.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

*

ஊசியோடு முடியாது, மறுபடியும் வரலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, முகப்பில் ரோஜா மாலை போட்டு நின்றது. அதைக் கொடியசைத்துத் தொடங்கி வைப்பது பதினோராவது அயிட்டம்.

அமுதவல்லியை ஏற்றியாயிற்று. ராசுவும் டயானாவும் ஏறியாயிற்று. டிரைவர் மூக்கன் வண்டியை உறுமவிட்டபடி உட்கார்ந்திருந்தார். எடுக்கவில்லை.

"எடுங்கண்ணே" என்றான் ராசு.

"கொடி அசைக்கலையே தம்பி. போன தடவை கொடிக்கு முன்னாடி எடுத்துட்டேன். திரும்ப வரவழைச்சு, மறுபடி அசைச்சு, அப்பறம் மெமோவும் கொடுத்தாங்க."

கொடியைக் காணோம். விருந்தினர் கழுத்திலிருந்து ஒரு பச்சைப் பொன்னாடையை உருவி அசைத்தார். வண்டி கிளம்பியது. வாழைமரங்கள் இரண்டும் இழுபட்டுக்கொண்டே கூட வந்தன. தெரு முனை திரும்பும்போது அருள்மணி பைக்கில் வந்து மறித்தார். கூட்ட நெரிசலில் போட்டோகிராபர் வெளியே வருவதற்குள் வண்டி போய்விட்டதாம். ஒரே ஒரு தடவை பின்னால் வந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

டயானா கதவைத் திறந்து என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது. வண்டி பின்னால் வந்தது. பச்சைப் பொன்னாடை மறுபடியும் அசைந்தது. வண்டி மறுபடியும் போனது.

ஆஸ்பத்திரியில் அமுதவல்லியை மறுநாள் வரை வைத்திருந்து பார்த்தார்கள். முகத்து வீக்கம் வடிந்தது. குரல் திரும்பியது. அவள் முதலில் கேட்டது, காதுகுத்து வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்களா என்று.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஊசி மேல் தப்பில்லை. ஊரே போட்டுக்கொள்கிற ஊசிதான், எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இவளுக்கு அதில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. இந்த ஊசி இவளுக்கு இனி வேண்டாம். வேறு எந்த ஊசி போடுவதற்கு முன்னாலும் இப்படி ஆனதைச் சொல்ல வேண்டும்.

"முகாம் நடத்துனவங்ககிட்டப் போயி இதை முறைப்படி பதிய வச்சுருங்க" என்றார். "பதிவு இருந்தாத்தான் நாளைக்கு யாரும் தெரியாமப் போட மாட்டாங்க."

*

ராசு அருள்மணியின் அலுவலகத்துக்குப் போனபோது மேசை மேல் கேடயம் இருந்தது. பக்கவிளைவே இல்லாத வட்டாரம் என்பதற்காகக் கொடுத்தது. பக்கத்தில் பத்திரிகைப் படத்தை ஃபிரேம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். படத்தில் விருந்தினர் ரிப்பன் வெட்டினார். அவருக்கு முன்னால் ராசு தட்டை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க தம்பி. நல்லா விழுந்திருக்கீங்க படத்துல" என்றார் அருள்மணி.

ராசு வந்த விஷயத்தைச் சொன்னான். அருள்மணி பொறுமையாகக் கேட்டார். பதிய நடைமுறை இருக்கிறது, தாராளமாகப் பதியலாம், ஆனால் பதிவதற்கு எதுவும் நடக்கவில்லையே என்றார். அன்றைக்கு நடந்தது ஒத்திகை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. ஒத்திகை என்று தெரியாமலா அவ்வளவு பேரும் கைதட்டினார்கள்?

"ஆஸ்பத்திரியில படுக்க வச்சாங்களே சார்."

"அதான் ஒத்திகையோட சிறப்பே. ஆஸ்பத்திரி வரைக்கும் எந்த வட்டாரத்துலயும் கொண்டுபோனது கெடையாது. அய்யாவே பாராட்டிட்டுப் போனாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படியே ஏதாச்சும் இருந்தாலும், அது முந்திரியாலகூட வந்திருக்கலாம். தட்டுல கை வச்சதை நானே பாத்தேன்."

"சார், அவ முந்திரிக் காட்டுல பொறந்தவ. பொறந்ததுலேருந்து திங்கிறா."

"அப்ப ரொம்ப நாளாச் சேர்ந்து வந்திருக்கும்."

ராசு டாக்டர் ஆண்ட்ரூஸைத் தேடிப் போனான். மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். விழா சிறப்பாக நடந்ததில் அய்யா மகிழ்ந்து, அன்றைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். டயானாவைத் தேடிப் போனான். வரவேற்புப் பணியிலிருந்து அனுமதியின்றி விலகியதற்கும், முன்னாள் தலைவரை அளவுக்கு மேல் நனைத்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். ராசுவின் மனுவோடு தானும் ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்பினார். மேலே போகும் எல்லாக் கடிதமும் முறைப்படி அருள்மணி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவர் வழியாகவே போயிற்று.

மழைக்காலம் வந்தது. காய்ச்சலும் வந்தது. ஊரெல்லாம் ஊசி போட்டுக்கொண்டார்கள். ராசுவும் போட்டுக்கொண்டு, கை வலியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்தான். அமுதவல்லி மட்டும் போடவில்லை. எங்கே நர்ஸைப் பார்த்தாலும், எனக்கு ஒத்துக்காது என்று சொல்ல ஆரம்பித்தாள். பயப்படாதீங்கக்கா, நம்ம வட்டாரத்துல யாருக்குமே எதுவும் ஆனது இல்லையே, கேடயமே வாங்கியிருக்கோமே என்றார்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாள் அடுப்பில் முந்திரி பொரிந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அருள்மணி.

"தம்பி, நல்ல சேதி. மாநில அளவுல விழா, நம்ம புதுக்கோட்டையிலயே நடத்துறோம். ரொம்பப் பெரியவங்க வாராங்க. ஒத்திகைக்கு அமுதவல்லிதான் வேணும்னு அய்யாவே பேரைச் சொல்லிட்டாரு. அந்த இலக்கியாப் பொண்ணை வச்சு நடிச்சுப் பாத்தோம், எடுபடல. வீக்கமே வர மாட்டேங்குது. அதே பட்டுச்சேலையில வரச் சொல்லுங்க. அதே ஊசி, அதே மாதிரி பண்ணிருவோம்."

ராசு கரண்டியைக் கீழே வைத்தான். எதிரே அமுதவல்லி, சட்டியிலிருந்து கருகாத முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரு போன்ல என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"சார், கால்ல வேணும்னாலும் விழுறேன். அது நடிப்பு இல்ல சார். எம் பொண்டாட்டிக்கு அன்னைக்கு நெசமாவே மூச்சு நின்னு போச்சு சார்."

அந்தப் பக்கம் அருள்மணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அருள்மணிக்கு இப்போதாவது உறைத்துவிட்டது என்று ராசு நினைத்தான்.

"இதுதான் வேணும் தம்பி" என்றார் அருள்மணி, குரல் தழுதழுக்க. "போன தடவை இந்த டயலாக் இல்ல. இதை இப்படியே, இதே குரல்ல, மைக்ல சொல்லிருங்க. தட்டு நான் கொண்டாந்துர்றேன்."